கழன்றது, இன்னும் விழவில்லை

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
பழம்பொருள் கடைக்கு மேல் மாடியில் என் அறை.
இங்கே மாலை ஐந்தரை, அங்கே இரவு எட்டு.
திரையில் ஐந்து சதுரம், ஐந்து முகம்.
இன்றைய வினைச்சொல்: ராட்டில்.

ராட்டினத்துக்கு உறவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன்.
'பஸ் தெருவழியே ராட்டிலியது'
என்பது போல ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில்.
ஓடியது இல்லை அதில், போனது இல்லை.
சத்தமே சக்கரம்.
சத்தம் போட்டே தேவகோட்டை சேர்ந்துவிடுகிறது பஸ்.

"அப்படியானால் ஓட்டுவது யார்?" என்கிறான் பாவ் ரென்.
நியாயமான கேள்வி.
அவன் மொழியில் சத்தத்தை எண்ணுகிறார்கள்.
குவாங்தாங், ஒரு சத்தம். பிறகு கதவு திறந்தது.
சத்தம் தனி, நடந்தது தனி.
என் மொழியிலோ பொருளெல்லாம் வாய் திறக்கிறது.
கடகட என்று, படார் என்று, பொத்தென்று,
என்று, என்று, என்று.
யாரோ சொல்லி யாரோ கேட்ட மாதிரிதான்
எங்கள் பஸ் ஓடும்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
நாற்பது நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.

கேட்டால் புரிந்துவிடும் என்று
கீழே பக்கீர் மைதீனிடம்
ஒரு தகர டப்பா இரவல் வாங்கியிருந்தேன்.
மேலே கப்பல் படம், பாதி உரிந்து.
துரு இறுக்கிய மூடி, நெம்பினாலும் வராது.
உள்ளே என்னவோ கிடக்கிறது.
கேமராவுக்கு முன்னால் பிடித்து
மணிக்கட்டு நோக ஆட்டினேன்.

ஐந்து முகமும் மரியாதையாகக் காத்திருந்தன.
"டீச்சர், தயார். ஆரம்பிக்கலாம்."

மறுபடி ஆட்டினேன்.
ஊமைக்கூத்து.

சின் யாலிதான் கண்டுபிடித்தாள்.
செயலி இரைச்சலை வடிகட்டிவிடுகிறதாம்.
மனிதக் குரல் மட்டும்தான் அங்கே போய்ச் சேரும்.
டப்பா போகாது. மின்விசிறி போகாது.
கீழே பித்தளை அண்டாவை உருட்டும் பையன்,
அவனை ஏசும் பக்கீர் மைதீன் (அவர் குரல்கூட
ஏனோ தேறவில்லை), எதுவும் போகாது.
ஆறு மாதமாக என்னை
நிசப்தமான ஊரில் குடியிருப்பவள் என்று
நினைத்திருக்கிறார்கள்.

டப்பாவை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.
லொடலொட, லொடலொட, லொட.
போய்விட்டது!
எதிரே சிரிப்பு. பதிலுக்கு
குவாங்லாங் என்றது ஒரு சதுரம்,
ஹுவாலாலா என்றது இன்னொன்று.
வரி அலுவலகத்து குவோ டையை இழுத்துவிட்டு
நாக்கால் ஒரு வண்டியே ஓட்டிக் காட்டினார்.

யாலி சிரிக்கவில்லை.
மியான்யாங்கில் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:
"இந்தச் சத்தம் வந்தால் மெஷினை நிறுத்துவேன்.
ஏதோ கழன்றிருக்கிறது.
இன்னும் விழவில்லை."

நான் வைத்திருக்கும் அகராதி எதிலும் இல்லை இது.
கைக்கு அகப்பட்டது வக்கீல் அனுப்பிய கவர்.
மூன்று நாளாகப் பிரிக்கவில்லை.
அதன் முதுகில் எழுதிக்கொண்டேன்.

"டீச்சர், உள்ளே என்ன?"
தெரியாது.
பொத்தானோ, ஆணியோ, யாருடைய பல்லோ.
ஒன்றுதான் இருக்க வேண்டும்.
இரண்டென்றால் சத்தம் வேறு மாதிரி.

ஆறு பத்துக்குச் சதுரங்கள் அணைந்தபின்
ஷட்டர் கடகடத்தது.
அப்போதுதான் உறைத்தது:
கடகடத்தது! எங்களுக்கும் உண்டே வினை.
சலசலத்தது, மொறுமொறுத்தது, எவ்வளவோ.
என்று இல்லாமலே.
ஆனாலும் பஸ் கடகடத்துக்கொண்டு போகும்,
'போகும்' என்பதை நாம்தான் தள்ளிவிட வேண்டும்.
அடுத்த வாரம் திருத்திச் சொல்லணும்.

டப்பாவோடு படியிறங்கினேன்.
படிக்கொரு தரம் அது பேசிக்கொண்டே வந்தது.
பாதி ஷட்டருக்கடியில் குனிந்து
பக்கீர் மைதீன் வாங்கிக் காதோரம் ஆட்டினார்.
"நீயே வச்சுக்கறியாம்மா? விலை சொல்லவா?
காலி டப்பான்னா நூறு.
இது நூத்தம்பது."